தீவனத் தொட்டி முதல் ஆபரேஷன் தியேட்டர் வரை: மாட்டெலும்பும் பிரியான் நோயும்

பண்ருட்டி, காடாம்புலியூர் வட்டாரத்தில் பலா அறுவடை தொடங்கினால் மரம் ஏறுவோருக்கு ஓய்வு இருக்காது. கயிறு நழுவியோ, கிளை முறிந்தோ கீழே விழுந்து கை, கால் எலும்பை முறித்துக்கொள்பவர்கள் ஒவ்வொரு பருவத்திலும் இருக்கிறார்கள். சாதாரண முறிவு மாவுக்கட்டோடு போய்விடும். எலும்பு நொறுங்கியிருந்தால் "பிளேட் வைக்க வேண்டும், எலும்பு ஒட்டும் வைக்க வேண்டும்" என்று மருத்துவர் சொல்வார்.

அப்போது குடும்பத்தாருக்கு வரும் சந்தேகம் இதுதான். எந்த எலும்பை வைக்கிறார்கள்? மாட்டெலும்பா? வெளிநாட்டில் மாடுகளுக்கு வந்த பைத்திய நோய் அதன் வழியாக மனிதருக்கு வந்துவிடாதா?

வீணாகப் பயப்பட வேண்டியதில்லை என்பதே இதற்குச் சுருக்கமான பதில். ஆனால் பயப்பட வேண்டாம் என்று சொல்லக்கூடிய நிலை தானாக வந்ததல்ல. மாட்டுக்கு எதைத் தீவனமாகக் கொடுக்கிறோம் என்பதில் உள்ள கட்டுப்பாடுதான் அதற்கு அடிப்படை. அந்தக் கட்டுப்பாட்டில் பாதி அரசின் கையிலும், பாதி உங்கள் மாட்டுக் கொட்டகையிலும் இருக்கிறது.

முறிந்த எலும்பு எப்படிக் கூடுகிறது?

ஒட்டுச்செடி கட்டும்போது தாய்ச்செடியும் ஒட்டுக்குச்சியும் அசையாமல் இறுக்கிக் கட்டுகிறீர்கள். இடைவெளி இருந்தாலோ, கட்டு தளர்ந்தாலோ ஒட்டு பிடிக்காது. எலும்பும் அப்படித்தான். முறிந்த இரண்டு முனைகளும் நேராகச் சேர வேண்டும், அசையக் கூடாது, ரத்த ஓட்டம் இருக்க வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் முறிந்த இடத்தில் புது எலும்பு தானாக வளரும். கை எலும்புக்கு 6 வாரம் முதலும், கால் முழங்கால் கீழெலும்புக்கு 3 மாதம் அல்லது அதற்கு மேலும் ஆகலாம்.

மாவுக்கட்டு, பிளேட், ஸ்க்ரூ, எலும்புக்குள் செலுத்தும் ராடு எல்லாமே எலும்பை அசையாமல் பிடித்துவைப்பதற்காகத்தான். இவை துருப்பிடிக்காத எஃகு அல்லது டைட்டானியத்தால் ஆனவை. இவற்றில் விலங்குப் பொருள் எதுவும் இல்லை. ஆகவே பிளேட் வைத்தால் மாட்டு நோய் வரும் என்ற பேச்சுக்கே இடமில்லை.

எலும்பு ஒட்டில் உள்ள வகைகள்

எலும்பு நொறுங்கிப் பள்ளம் விழுந்திருந்தாலோ, பல மாதமாகியும் கூடாமல் இருந்தாலோ அந்த இடத்தை நிரப்ப ஒட்டு தேவைப்படும். அதற்கு நான்கு வழிகள் உள்ளன.

1. நோயாளியின் சொந்த எலும்பு: பெரும்பாலும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பிலிருந்து எடுப்பார்கள். உயிருள்ள செல்கள் இருப்பதால் நன்றாகப் பிடிக்கும். வேறு உடலிலிருந்து நோய் வர வழியில்லை. எடுத்த இடத்தில் சில வாரம் வலி இருக்கும்.

2. தானமாகப் பெற்ற மனித எலும்பு: திசு வங்கிகளில் சோதித்துச் சுத்தம் செய்து கதிர்வீச்சு கொடுத்து வைத்திருப்பார்கள். மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் அப்படியொரு திசு வங்கி பல ஆண்டுகளாக இயங்குகிறது.

3. மாட்டெலும்பிலிருந்து தயாரித்த துகள்: கொழுப்பையும் புரதத்தையும் நீக்கிவிட்டுத் தாதுப் பகுதியை மட்டும் வைத்திருப்பார்கள். பல் மருத்துவத்தில் தாடை எலும்பை நிரப்ப இதை அதிகம் பயன்படுத்துகிறார்கள்.

4. செயற்கைத் துகள்: எலும்பில் உள்ள அதே கால்சியம் பாஸ்பேட் தாதுவை ரசாயன முறையில் செய்து சுட்டு எடுப்பது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல், தொழில்நுட்ப நிறுவனம் நம் நாட்டிலேயே இத்தகைய பொருட்களை உருவாக்கியிருக்கிறது. இதில் விலங்குப் பொருள் இல்லை.

பிரியான் பற்றிய கேள்வி இரண்டாவது, மூன்றாவது வகைகளுக்கு மட்டுமே பொருந்தும்.

பிரியான் என்றால் என்ன?

கோமாரிக்குக் காரணம் வைரஸ், அடைப்பான் நோய்க்குக் காரணம் பாக்டீரியா. பிரியான் இரண்டும் அல்ல. அதற்கு உயிரே கிடையாது. அது மடிப்பு மாறிப்போன ஒரு புரதம். நம் மூளையிலும் மாட்டின் மூளையிலும் இயல்பாகவே உள்ள ஒரு புரதம் தவறாக மடிந்துவிட்டால், பக்கத்தில் உள்ள நல்ல புரதத்தையும் தன்னைப் போலவே மடிக்கும். ஒரு குடம் பாலில் ஒரு கரண்டி மோர் விழுந்தால் முழுப் பாலும் தயிராவதைப் போல இது பரவும். கடைசியில் மூளை பஞ்சுபோல் ஓட்டை ஓட்டையாகிவிடும். இந்த நோயைக் குணப்படுத்த மருந்து இல்லை, தடுப்பூசியும் இல்லை.

அமெரிக்க விஞ்ஞானி ஸ்டான்லி புரூசினர் 1982-ல் இதற்குப் பிரியான் என்று பெயரிட்டார். 1997-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இதை அழிப்பது மிகவும் கடினம். கொதிக்கவைத்தாலோ, வெயிலில் உலர்த்தினாலோ போகாது. ஃபார்மலினில் போட்டால் அழிவதற்குப் பதில் இன்னும் நிலைத்துவிடும். இதனால்தான் சந்தேகத்துக்குரிய அறுவைக் கருவிகளுக்கு 134 டிகிரி செல்சியஸ் நீராவியில் 18 நிமிடம், அல்லது காஸ்டிக் சோடா கரைசலில் ஒரு மணி நேரம் என்று உலக சுகாதார நிறுவனம் கடுமையான முறைகளைச் சொல்கிறது. நோய்த்தொற்று கொண்ட திசுவை 600 டிகிரியில் எரித்த சாம்பலில்கூடச் சிறிதளவு தொற்றுத்திறன் மிஞ்சியதை ஆய்வில் கண்டார்கள். 1000 டிகிரியில் எரித்தபோது அது இல்லை.

இங்கிலாந்தில் நடந்தது

செம்மறியாடுகளுக்கு வரும் ஸ்கிராப்பி என்ற பிரியான் நோய் ஐரோப்பாவில் 200 ஆண்டுகளுக்கு மேலாகத் தெரிந்ததே. மாட்டுக்கு வரும் பிரியான் நோய் 1986-ல் இங்கிலாந்தில் கண்டறியப்பட்டது.

அது பரவிய வழியை விவசாயிகள் கவனிக்க வேண்டும். இறைச்சிக் கூடத்தில் மிஞ்சிய எலும்பு, குடல், தலை ஆகியவற்றை வேகவைத்து அரைத்து 'இறைச்சி எலும்புத் தூள்' ஆக்கினார்கள். புரதம் அதிகம், விலை குறைவு என்று அதைக் கறவை மாட்டுத் தீவனத்தில் கலந்தார்கள். புல் தின்னும் மாட்டுக்கு மாட்டையே ஊட்டினார்கள். நோயுள்ள ஒரு மாட்டின் மூளையும் தண்டுவடமும் தூளாகிப் பல பண்ணைகளின் தீவனத் தொட்டிக்குப் போயின. நோய் வெளிப்படச் சராசரியாக 5 ஆண்டு ஆகும் என்பதால், தெரியவந்தபோது ஏற்கெனவே நாடு முழுவதும் பரவியிருந்தது.

அசைபோடும் கால்நடைகளுக்கு இந்தத் தூளைக் கொடுக்க 1988-ல் தடை வந்தது. இருந்தும் 1,80,000-க்கும் மேற்பட்ட மாடுகளுக்கு நோய் உறுதியானது. முன்னெச்சரிக்கையாக 40 லட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகளைக் கொன்று அழித்தார்கள். இந்த நோய் இறைச்சி வழியாக மனிதருக்கும் வந்திருக்கக்கூடும் என்று 1996 மார்ச்சில் அந்நாட்டு அரசு அறிவித்தது. அங்கு 170-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பலர் இளைஞர்கள்.

அறுவை சிகிச்சை வழியாகப் பிரியான் பரவியதுண்டா?

உண்டு, ஆனால் மாட்டெலும்பால் அல்ல. இறந்தவர்களின் மூளையைச் சுற்றியுள்ள உறையை எடுத்துப் பதப்படுத்தி, மூளை அறுவை சிகிச்சையில் ஒட்டாகப் பயன்படுத்திய காலம் ஒன்று இருந்தது. அதைப் பெற்றவர்களில் உலகெங்கும் 200-க்கும் மேற்பட்டோருக்குப் பல ஆண்டுகள் கழித்துப் பிரியான் நோய் வந்தது. அவர்களில் பாதிக்கும் மேல் ஜப்பானியர். முதல் நோயாளி பற்றிய செய்தி 1987-ல் வெளிவந்தது. திசுவை எங்கிருந்து எடுக்கிறோம், யாரிடமிருந்து எடுக்கிறோம் என்பதில் உலகம் இவ்வளவு கண்டிப்பானதற்கு இதுவும் ஒரு காரணம்.

மாட்டெலும்புத் துகளை ஒட்டாக வைத்ததால் பிரியான் நோய் வந்ததாக உறுதியான பதிவு இல்லை. அதற்குக் காரணங்கள் மூன்று.

முதலாவது, உடல் பாகம். நோயுள்ள மாட்டிலும் பிரியான் அதிகம் இருப்பது மூளை, தண்டுவடம், கண், சிறுகுடலின் கடைப்பகுதி போன்ற இடங்களில்தான். கால் எலும்பில் அல்ல. மண்டை ஓட்டையும் முதுகெலும்பையும் ஒதுக்கிவிடுவது இதனால்தான்.

இரண்டாவது, தயாரிப்பு முறை. மிக அதிக வெப்பத்தில் சுட்டெடுத்த துகளில் புரதம் மிஞ்சாது. குறைந்த வெப்பத்தில் தயாராகும் வகைகளும் சந்தையில் உண்டு. அவற்றுக்குக் காரக் கரைசல் போன்ற ரசாயன முறைகளும் சேர்கின்றன.

மூன்றாவதும் முக்கியமானதும், அந்த மாடு எந்த நாட்டு மாடு, எதைத் தின்று வளர்ந்தது என்பது. முதல் இரண்டும் தொழிற்சாலையின் வேலை. மூன்றாவது உங்களைப் போன்ற கால்நடை வளர்ப்போரின் வேலை.

உங்கள் மாட்டின் எலும்பு எங்கெல்லாம் போகிறது?

எலும்பு ஒட்டு ஒரு சிறு பகுதிதான். நீங்கள் விழுங்கும் மருந்துக் கேப்சூலின் உறை ஜெலட்டினால் ஆனது. எலும்பிலிருந்து ஜெலட்டின் எடுக்கும் தொழில் கடலூர் சிப்காட்டிலும் நடக்கிறது. அந்தத் தொழிலில் எலும்பை அமிலத்தில் ஊறவைக்கும்போது தாதுப் பகுதி கரைந்து வெளியேறும். அதைச் சுண்ணாம்பு சேர்த்துப் பிரித்தால் டைகால்சியம் பாஸ்பேட் கிடைக்கும். அது தீவனத்துக்கும் தாது உப்புக் கலவைக்கும் போகிறது. மிச்சமுள்ள எலும்பு அரைபட்டு உரமாகிறது. ஆக, மாட்டின் எலும்பு மருந்துக்கடைக்கும் வயலுக்கும் கொட்டகைக்கும் திரும்பி வந்துகொண்டே இருக்கிறது. இந்தச் சுற்றில் நோயுள்ள ஒரு மாடு நுழைந்தால் விளைவு இங்கிலாந்து கண்டதுதான்.

இந்தியாவின் நிலை

இந்தியாவில் இதுவரை மாட்டுப் பைத்திய நோய் பதிவாகவில்லை. 2010-ல் உலக விலங்கு நல அமைப்பு, இந்நோய் ஆபத்து மிகக் குறைவான நாடு என்ற தகுதியை இந்தியாவுக்கு வழங்கியது. நம் மாட்டெலும்பையும் ஜெலட்டினையும் வெளிநாடுகள் வாங்குவதற்கு இந்தத் தகுதி பெரிய பலம். போபாலில் உள்ள உயர் பாதுகாப்பு விலங்கு நோய் ஆய்வகம் இதற்கான சோதனைகளைச் செய்கிறது. மனிதருக்கு வரும் பிரியான் நோய்களைக் கண்டறிவதில் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் நீண்ட காலமாகப் பணியாற்றுகிறது.

அதே சமயம், நமக்கு வரவே வராது என்று இருந்துவிட முடியாது. இமயமலை அடிவாரத்துச் செம்மறியாடுகளில் ஸ்கிராப்பி காணப்பட்டதாக 1961-லேயே ஓர் ஆய்வுக் கட்டுரை வந்திருக்கிறது. அசைபோடும் கால்நடைகளின் இறைச்சி எலும்புத் தூளை அதே இனக் கால்நடைகளுக்குத் தீவனமாகக் கொடுக்க நம் நாட்டில் தடை உள்ளது. பால், இறைச்சி தரும் கால்நடைகளுக்கு அப்படிப்பட்ட தீவனம் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதியும்கூட. விதி தாளில் இருந்தால் போதாது, தொட்டியிலும் இருக்க வேண்டும்.

தீவனத்தில் நீங்கள் கவனிக்க வேண்டியவை

• மாடு, எருமை, வெள்ளாடு, செம்மறியாடு எதற்கும் இறைச்சித் தூள், எலும்புத் தூள், ரத்தத் தூள் கலந்த தீவனம் கொடுக்காதீர்கள்.

• கோழித் தீவனத்தையும் பன்றித் தீவனத்தையும் மாட்டுக்குப் போடாதீர்கள். அவற்றில் விலங்குப் புரதம் சேர்ந்திருக்கலாம். பிராய்லர் பண்ணையில் மிஞ்சிய தீவனத்தைக் குறைந்த விலைக்குக் கொடுக்கிறார்களே என்று வாங்கிவந்து கறவை மாட்டுக்குக் கலப்பதை நிறுத்துங்கள்.

• கோழிப்பண்ணைக் குப்பையில் சிந்திய தீவனமும் இருக்கும். அதை உரமாக மட்டும் பயன்படுத்துங்கள்.

• கலப்புத் தீவன மூட்டை வாங்கும்போது ஐ.எஸ். 2052 என்ற இந்தியத் தர முத்திரை உள்ளதா, சேர்மானங்கள் அச்சிடப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். ரசீது கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

• புரதத்துக்குக் கடலைப் புண்ணாக்கு, எள்ளுப் புண்ணாக்கு, பருத்திக்கொட்டை, உளுந்துப் பொட்டு, அகத்தி, வேலிமசால் போன்றவை போதும். நம் மாவட்டத்தில் இவற்றுக்குப் பஞ்சமில்லை.

• கறவை மாட்டுக்குக் காதில் 12 இலக்க அடையாள வில்லை போட்டிருப்பதை உறுதிசெய்யுங்கள். மாட்டை விற்றாலும் அது எங்கிருந்து வந்தது என்று தடம் பிடிக்க இது உதவும்.

மாடு எலும்பைக் கடிக்கிறதா?

மேய்ச்சலில் கிடக்கும் எலும்பு, துணி, செருப்பை மாடு கடிப்பது பாஸ்பரஸ் குறைவின் அறிகுறி. அழுகிய எலும்பில் வளரும் கிருமியின் நஞ்சால் மாடு பக்கவாதம் வந்து இறக்கக்கூடும். எலும்புத் துண்டு தொண்டையில் சிக்கவும் செய்யும். கறவை மாட்டுக்குத் தினமும் 30 முதல் 50 கிராம் தாது உப்புக் கலவையை அடர் தீவனத்தில் கலந்து கொடுங்கள். அரசு கால்நடை மருந்தகத்திலும், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழக மையங்களிலும் இதற்கு வழிகாட்டுவார்கள். குடற்புழு நீக்கமும் செய்யுங்கள்.

மாட்டுக்கு நரம்புக் கோளாறு தெரிந்தால்

பைத்திய நோயுள்ள மாடு சத்தத்துக்கும் தொடுதலுக்கும் மிரளும். பின்னங்கால் தள்ளாடும். பால் குறையும், மெலியும். ஆனால் நம் ஊரில் இப்படி ஒரு மாட்டைப் பார்த்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது வெறிநோயைத்தான். வாயில் எச்சில் வடிதல், விடாமல் கத்துதல், முட்ட வருதல், விழுங்க முடியாமை ஆகியவை அதன் அறிகுறிகள்.

• தொண்டையில் ஏதோ அடைத்துவிட்டது என்று வாய்க்குள் கை விடாதீர்கள். இது உயிருக்கு ஆபத்து.

• மாட்டைத் தனியாகக் கட்டுங்கள். குழந்தைகளை அருகில் விடாதீர்கள்.

• எச்சில் பட்டிருந்தால் அந்த இடத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள்.

• 1962 என்ற எண்ணில் கால்நடை அவசர ஊர்தியை அழையுங்கள்.

• அந்த மாட்டின் பாலையோ இறைச்சியையோ பயன்படுத்தாதீர்கள். இறப்பதற்குள் விற்றுவிடலாம் என்று சந்தைக்கு ஓட்டாதீர்கள். கால்நடை மருத்துவர் மூளை மாதிரி கேட்டால் ஒத்துழையுங்கள். எந்த நோய் என்று அறிய அதைவிட உறுதியான வழி இல்லை.

இறந்த மாட்டை என்ன செய்வது?

திடீரென இறந்து மூக்கு, ஆசனவாய் வழியே கறுப்பு ரத்தம் வந்தால் அடைப்பான் நோயாக இருக்கலாம். தோலை உரிக்கவோ வயிற்றைக் கிழிக்கவோ கூடாது. கால்நடை மருத்துவருக்குச் சொல்லிவிட்டு ஆறடி ஆழத்தில் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். எந்த நோயில் இறந்த மாடாக இருந்தாலும் அதன் எலும்பை எலும்பு வாங்க வருபவரிடம் கொடுக்காதீர்கள். ஓடைக்கரையில் போட்டு நாய்கள் இழுக்கவும் விடாதீர்கள்.

எலும்பு உரம் போடலாமா?

போடலாம். நீராவியில் வேகவைத்த எலும்பு உரத்தில் மணிச்சத்து சுமார் 22 சதவீதம் உண்டு. பலா, முந்திரிக் கன்று நடும் குழியில் இடலாம். முகத்தில் துணி கட்டிக்கொண்டு தூவி, மண்ணோடு கலந்து மூடுங்கள். மூட்டையைத் தீவன மூட்டையின் அருகில் வைக்காதீர்கள். மாடு நக்கும்படி மேலாகத் தூவாதீர்கள்.

மரத்திலிருந்து விழுந்தவருக்கு

கழுத்தோ முதுகோ வலித்தால் கை கால் பிடித்துத் தூக்காதீர்கள். பலகையில் நேராகக் கிடத்தி 108-ஐ அழையுங்கள். முறிந்த கையையோ காலையோ மூங்கில் பிளாச்சு வைத்து மேல் மூட்டும் கீழ் மூட்டும் அசையாதபடி கட்டுங்கள். எண்ணெய் தேய்க்காதீர்கள், நீவி விடாதீர்கள். எலும்பு வெளியே தெரிந்தால் மஞ்சளோ மண்ணோ அப்பாமல் சுத்தமான துணியால் மூடுங்கள். தோல் கிழிந்தாலும், விரல் மரத்துப்போனாலும் நாட்டுக் கட்டுக்குப் போய் நேரத்தைக் கழிக்காமல் நேராக மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

எலும்பு ஒட்டு வைக்கச் சொன்னால் மருத்துவரிடம் இவற்றைக் கேளுங்கள்:

• என் சொந்த எலும்பை எடுக்க முடியுமா?

• வெளியிலிருந்து வாங்கும் பொருள் என்றால் அது மனித எலும்பா, மாட்டெலும்பா, செயற்கைத் துகளா?

• அதன் உறையில் உள்ள வில்லையை என் மருத்துவக் குறிப்பில் ஒட்டித் தருவீர்களா?

• முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இதற்கு இடமுண்டா?

மாட்டெலும்பு வேண்டாம் என்று நம்பிக்கை சார்ந்து நினைப்பவர்களும் முன்கூட்டியே சொல்லலாம். மாற்று வழிகள் இருக்கின்றன.

காடாம்புலியூரில் ஒரு கொட்டகையில் இரண்டு கறவை மாடு வைத்திருப்பவர் எங்கோ நடக்கும் அறுவை சிகிச்சைக்கும் தமக்கும் தொடர்பில்லை என்று எண்ண வேண்டாம். புல், வைக்கோல், புண்ணாக்கு, தவிடு, தாது உப்பு இவற்றோடு தொட்டி நின்றால் பாலும் எலும்பும் நம்பகமாக இருக்கும். தீவனத்திலோ மாட்டின் நடத்தையிலோ சந்தேகம் இருந்தால் அருகில் உள்ள அரசு கால்நடை மருந்தகத்தையோ, விருத்தாசலம் வேளாண் அறிவியல் நிலையத்தையோ அணுகிப் பயன்பெறுங்கள்.